ரேஷன் ரொட்டியில் ஒரு ஜம்போரி: 1947இல் பிரான்ஸ் 24,000 சாரணர்களுக்கு இடம் கொடுத்தது எப்படி?

2023 ஆகஸ்டில் தென்கொரியாவில் நடந்த உலகச் சாரணர் ஜம்போரி பற்றிய செய்திகள் பலரையும் குழப்பின. சுமார் 43,000 பேர் கூடிய முகாம் அது. ஆரம்ப நாட்களிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தார்கள். பிரிட்டிஷ் அணியும் அமெரிக்க அணியும் பாதியிலேயே கிளம்பிவிட்டன. அப்புறம் கானூன் புயல் வருகிறது என்று தெரிந்ததும், மிச்சமிருந்தவர்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களில் ஏற்றி முகாமையே காலி செய்தார்கள். ஏறக்குறைய 11,700 கோடி வோன் செலவிட்ட, எல்லாத் தொழில்நுட்பமும் கைவசம் உள்ள ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள்.

இதற்கு விடை தேட 76 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ரொட்டி வாங்கவே ரேஷன் அட்டை வேண்டியிருந்த 1947ஆம் ஆண்டில், போரில் நொறுங்கிய பிரான்ஸ் 24,152 சாரணர்களை அழைத்து ஒரு ஜம்போரியை நடத்தி முடித்தது. அதற்கு 'அமைதி ஜம்போரி' என்று பெயர். அந்த முகாம் எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால், இப்படிப்பட்ட கூட்டங்கள் எதனால் நிற்கின்றன, எதனால் விழுகின்றன என்பது பிடிபடும். பணம் அதில் ஒரு பகுதிதான். மண், தண்ணீர், போக்குவரத்து, யாருக்கு அழைப்பு என்ற விதி ஆகிய நான்கும் பணத்தைவிடப் பெரியவை.

ஜம்போரி என்றால் என்ன?

சாரணர் இயக்கத்தின் உலகக் கூடுகைக்குத்தான் ஜம்போரி என்று பெயர். பல நாட்டுச் சிறுவர்கள் ஒரே திடலில் கூடாரமடித்து, தாங்களே சமைத்து, பத்து நாள் போலச் சேர்ந்து வாழ்வார்கள். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் காலத்தில், 1920இல், முதல் ஜம்போரி லண்டனில் நடந்தது. பொதுவாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும்.

ஐந்தாவது ஜம்போரி 1937இல் நெதர்லாந்தின் ஃபோகலென்சாங்கில் நடந்தது. எண்பது வயதான பேடன் பவல் அங்கேதான் பிள்ளைகளிடம் விடைபெற்றார். அடுத்தது 1941இல் பிரான்ஸில் என்று முடிவாகியிருந்தது. அந்த 1941 எப்படி விடிந்தது என்று நமக்குத் தெரியும். ஜனவரி 8ஆம் தேதி பேடன் பவல் கென்யாவில் காலமானார். பாரிஸ் ஜெர்மன் படையின் கையில் இருந்தது. ஆக, ஆறாவது ஜம்போரி ஆறு ஆண்டு தள்ளிப்போய், ஆனால் அதே பிரான்ஸில், 1947 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது.

அன்றைய பிரான்ஸில் எதற்கெல்லாம் பஞ்சம்?

"போருக்குப் பின்" என்று சொன்னதும், சண்டை ஓய்ந்து வாழ்க்கை திரும்பிவிட்ட சித்திரம்தான் மனதில் வரும். 1947இன் பிரான்ஸ் அப்படி இல்லை.

1. ரொட்டி. 1946–47 குளிர்காலத்தின் கடும் உறைபனியில் கோதுமைப் பயிர் கருகியது. 1947 மே 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் ரொட்டி என்று குறைத்தார்கள். ஜம்போரி நடந்த அதே ஆகஸ்டின் கடைசியில் அது 200 கிராம் ஆனது. போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் கீழ் கிடைத்ததைவிடவும் இது குறைவு. விடுதலை கிடைத்து மூன்று ஆண்டு கழித்து ரொட்டி இன்னும் சின்னதாகிறது என்றால், அந்த மக்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

2. ரயில். பாலங்களும் என்ஜின்களும் போரில் அழிந்திருந்தன. அமெரிக்காவிடமும் கனடாவிடமும் 1,340 நீராவி என்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவற்றில் 17 என்ஜின்கள், 1947 ஏப்ரலில் பெல்பமேலா என்ற கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியபோது கடலோடு போயின. ஜூனில் ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் வேறு.

3. பணம். அந்நியச் செலாவணி முழுக்க அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுக்கு எடுத்துப்போவதற்கு எல்லா இடத்திலும் வரம்பு இருந்தது.

4. பொருள். கூடாரத் துணி, டயர், பெட்ரோல், கயிறு என்று ஒரு முகாமுக்கு வேண்டிய எதையும் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. கிடைத்த பெரிய சரக்கு, அமெரிக்க ராணுவம் பிரான்ஸில் விட்டுப்போன மிச்சத் தளவாடம்தான். 1946 மே மாதம் அமெரிக்காவுடன் கையெழுத்தான ப்ளூம்–பைர்ன்ஸ் ஒப்பந்தத்தின்படி அதைப் பிரெஞ்சு அரசு மொத்தமாக வாங்கியிருந்தது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ரொட்டியும் ரயிலும் செலாவணியும் தளவாடமும் அரசின் பூட்டுக்குள் இருக்கும்போது, எந்தத் தொண்டு இயக்கமும் தனியாக 24,000 பேர் முகாம் நடத்த முடியாது. அரசு கூட நின்றே ஆக வேண்டும். கம்யூனிஸ்ட் அமைச்சர்களை மே மாதம்தான் பிரதமர் ரமாதியே அமைச்சரவையிலிருந்து நீக்கியிருந்தார். வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை. அப்படியொரு நேரத்தில் 'சிறுவர் முகாமுக்கு' உணவு ஒதுக்குவது சின்ன முடிவல்ல.

ரொட்டிக் கணக்கு

ரேஷன் அட்டை வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 13 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கு 'ஜே3' என்ற வகை. வளரும் பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் காலத்துப் பதின்பருவத்தினரையே பிரான்ஸில் 'ஜே3' என்றுதான் கூப்பிட்டார்கள். ஜம்போரிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக்காரர்கள்.

பெரியவர்களுக்கான அளவையே எடுத்துக்கொள்வோம். 24,000 பேருக்குத் தலைக்கு 250 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 6 டன் ரொட்டி. பத்து நாளுக்கு 60 டன். தண்ணீர், ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, கழுவ 20 லிட்டர் என்று கஞ்சமாகக் கணக்குப் போட்டாலும் நாளைக்கு 4.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 40 நடை. அதுவும் தினமும்.

இந்த அளவு உணவை ஒரே பெரிய சமையற்கூடத்தில் சமைத்துப் பரிமாறுவது ராணுவ முறை. சாரணர் முறை வேறு. ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் 'அணி'. அணித்தலைவன் காலையில் போய் உருளைக்கிழங்கு, காய், கொழுப்பு, ரொட்டி என்று தன் அணிக்குரிய பங்கை வாங்கி வருவான். விறகடுப்பு மூட்டி அணியே சமைக்கும். பார்க்க இது சிரமமான வழி போலத் தெரியும். உண்மையில் பஞ்ச காலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 24,000 பேரை மூவாயிரம் சின்னக் குடும்பங்களாகப் பிரித்துவிட்டால், பங்கு கொடுப்பது எளிது, வீணாவது குறைவு, ஒரு சமையலறை கெட்டால் மொத்த முகாமும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரே எதிரி தீ. ஆகஸ்ட் மாதம், காய்ந்த பைன் காடு, மூவாயிரம் விறகடுப்பு. இதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.

முவாசோன்: ஏன் அந்த இடம்?

இந்தக் கதையின் மையம் இதுதான். பாரிஸிலிருந்து மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், சேன் ஆறு ஒரு பெரிய கொண்டைஊசி வளைவு எடுத்துத் திரும்புகிறது. அந்த வளைவுக்குள் முவாசோன் என்ற சின்னக் கிராமம். மூன்று பக்கமும் ஆறு. ஆறு பல்லாயிரம் ஆண்டாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும்தான் தரை. மேலே பைன் மரமும் புதர்க்காடும். எதிர்க்கரையிலுள்ள வெத்தோயில் 1878 முதல் 1881 வரை ஓவியர் மோனே குடியிருந்து இந்த ஆற்றை வரைந்தார். 1902இல் லெபோடி சகோதரர்கள் தங்கள் ஆகாயக் கப்பலைப் பறக்கவிட்டதும் முவாசோனில்தான். சமதளம், வெட்டவெளி, காவலுக்கு ஆறு ஆகிய வசதிகள் அவர்களையும் இழுத்திருக்க வேண்டும்.

முகாம் போடுபவர் கண்ணில் இந்த நிலம் எப்படித் தெரியும்?

1. மணல் தண்ணீரைக் குடித்துவிடும். எவ்வளவு மழை பெய்தாலும் சேறு ஆகாது. சாரணர்களுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1929இல் இங்கிலாந்தின் ஆரோ பார்க்கில் சுமார் 50,000 பேர் கூடிய ஜம்போரி மழையில் நனைந்து களிமண் சேறாகி, 'சேற்று ஜம்போரி' என்றே பெயர் வாங்கியது.

2. மரம் நிழல் தரும். 1947 கோடை ஐரோப்பாவுக்கு லேசான கோடை அல்ல. ஜூலை 28 அன்று பாரிஸில் 40.4 டிகிரி பதிவானது. அந்தச் சாதனை 2019 வரை முறியவில்லை. முகாம் தொடங்க அப்போது பன்னிரண்டே நாள்தான் பாக்கி.

3. பக்கத்திலேயே பிரதான ரயில் பாதை. பாரிஸிலிருந்து ரூவான், லெ ஹாவ்ர் துறைமுகம் நோக்கிப் போகும் பாதை, இந்த வளைவின் கழுத்தை ரோல்புவாஸ் குகைப்பாதை வழியாக ஊடறுத்துப் போகிறது. கப்பலில் வருபவரும் பாரிஸ் வழியாக வருபவரும் ஒரே தண்டவாளத்தில் வந்து இறங்கலாம்.

இப்போது 2023 முகாம் நடந்த தென்கொரியாவின் சேமாங்கும் திடலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலுக்கு அணை கட்டி மீட்ட சேற்றுநிலம். மரம் கிடையாது. விவசாயத்துக்கென்று சமப்படுத்திய தரையில் தண்ணீர் வடிய வழியில்லாததால், கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பலகை அடுக்க வேண்டியிருந்தது. முவாசோனிலும் வெயில் அடித்தது, சேமாங்குமிலும் அடித்தது. ஒன்றில் நிழல் இருந்தது, இன்னொன்றில் இல்லை. இந்த இடத்தில் பணம் எதையும் மாற்றவில்லை.

முவாசோனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஆற்றங்கரையில், லா ரோஷ் குயோன் கோட்டை மாளிகையில்தான் 1944இல் ஜெர்மன் தளபதி ரோமெல் தலைமையகம் வைத்திருந்தார். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அன்று அவர் ஜெர்மனியில் தன் வீட்டில் இருந்தார்; செய்தி கேட்டு அங்கேதான் விரைந்து திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 19 இரவு, கொட்டும் மழையில், அமெரிக்க 79ஆம் டிவிஷன் வீரர்கள் மெரிகூர் அணைக்கட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நடந்து சேன் ஆற்றைக் கடந்தார்கள். மெரிகூர் முவாசோனுக்குப் பக்கத்து ஊர். சரியாக மூன்று ஆண்டு கழித்து, அதே ஆகஸ்டில், அதே ஆற்றில் பல மொழிகள் பேசும் பிள்ளைகள் பாத்திரம் கழுவினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. 'அமைதி ஜம்போரி' என்ற பெயரை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த நிலப்படத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

குட்டி ரயில்

பெரிய ரயில் பக்கத்தில் வந்துவிடும், சரி. அங்கிருந்து இத்தனை டன் சரக்கையும் 24,000 ஆட்களையும் மணல் காட்டுக்குள் கொண்டுபோவது எப்படி? லாரிக்குப் பெட்ரோலும் டயரும் அரிது. மணலில் லாரி புதையும்.

இதற்குத் தீர்வாக முகாமுக்கென்றே ஒரு குறும்பாதை ரயில் போட்டார்கள். 'தெகோவில்' பாதை என்று பெயர்பெற்ற பிரெஞ்சு முறை இது. இரண்டு தண்டவாளத்துக்கு இடையே 60 சென்டிமீட்டர் அகலம். தண்டவாளமும் இரும்புக் கட்டையும் சேர்ந்தே பட்டறையில் ஏணி போலத் தயாராகிவிடும். சில பேர் தூக்கிப்போய்த் தரையில் வைத்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். பீட்ரூட் வயலிலிருந்து சரக்கு இழுக்கப் பிறந்த யோசனை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டு கொண்டுபோனது இதே பாதை. 1947இல் பிள்ளைகளையும் அவர்களுடைய பைகளையும் ஏற்றிக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே ஓடியது. புதிதாக எதுவும் வாங்க முடியாத நாடு, இருப்பதை எடுத்து வேறு வேலைக்குத் திருப்பிய அழகு இது. கொரியாவில் அந்த எண்ணம் தோன்றத் தேவையே இருக்கவில்லை என்பதும் உண்மை.

யார் நடத்தினார்கள்?

பிரான்ஸில் அப்போது ஒரே சாரணர் சங்கம் இல்லை. கத்தோலிக்கர்களுக்கு ஒன்று, புரொட்டஸ்டன்ட்களுக்கு ஒன்று, யூதர்களுக்கு ஒன்று, மதம் சாராதவர்களுக்கு ஒன்று என்று தனித்தனி. 1940இல், தோல்வியின் இருட்டில்தான், இவை ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. கத்தோலிக்கச் சங்கத்தின் தலைவர் ஜெனரல் லாஃபோன் அதன் முகமாக இருந்தார். ஜம்போரியின் நிர்வாகப் பொறுப்பு, கிரேக்கத் தீவான கிரீட்டில் அகழாய்வு செய்த வரலாற்றாசிரியர் ஆன்ரி வான் எஃபான்தேரிடம் இருந்தது.

ஆக்கிரமிப்புப் பகுதியில் ஜெர்மானியர்கள் சாரணர் இயக்கத்தைத் தடை செய்திருந்தார்கள். யூதச் சாரணர்கள் ரகசியமாக இயங்கி, போலி ஆவணம் தயாரித்து, குழந்தைகளைக் குடும்பங்களிலும் பள்ளிகளிலும் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947 முகாமில் கூடாரம் நட்ட திரிசாரணர்கள், அதாவது பதினேழு பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மூத்த பிரிவினர், அந்த ஆண்டுகளைச் சிறுவர்களாகக் கடந்து வந்தவர்கள். பசியிலும் தட்டுப்பாட்டிலும் வேலை செய்வது அவர்களுக்குப் புதிதல்ல. அரசு கொடுத்த சரக்கை முகாமாக மாற்றியது இவர்களுடைய கைகள்தான். ஒப்பந்ததாரர்களை நம்பி நடக்கும் இன்றைய முகாம்களுக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவென்று நினைக்கிறேன்.

யாருக்கு அழைப்பு?

ஜம்போரிக்கு நாடுகள் நேராக வருவதில்லை. உலகச் சாரணர் மாநாடு அங்கீகரித்த தேசியச் சங்கம்தான் பிள்ளைகளை அனுப்ப முடியும். அப்போது இதைக் கவனித்தது லண்டனில் இருந்த சர்வதேசப் பணியகம், இயக்குநர் கர்னல் வில்சன். இந்த விதியைப் புரிந்துகொண்டால் 1947இல் சில நாடுகள் ஏன் இல்லை என்பது புரியும்.

1. ஜெர்மனியில் நாஜிகள் சாரணர் குழுக்களைக் கலைத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் ஹிட்லர் இளைஞர் படைக்குள் தள்ளினார்கள். ஆட்சி விழுந்தபின் இயக்கத்தை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனிக்கு அங்கீகாரம் 1950இல்தான் கிடைத்தது. ஜப்பானும் அதே ஆண்டில்தான் திரும்பியது.

2. சோவியத் யூனியனில் 1922 முதலே சாரணர் இயக்கத்துக்கு இடமில்லை. 'பயனியர்' அமைப்புதான்.

3. கிழக்கு ஐரோப்பா நடுவில் தொங்கியது. போலந்துச் சாரணர்கள் நாஜிகளுக்கு எதிராக 'சாம்பல் அணிகள்' என்ற பெயரில் ரகசியமாகப் போராடி, 1944 வார்சா எழுச்சியில் ஆயிரக்கணக்கில் ரத்தம் சிந்தியவர்கள். போர் முடிந்ததும் அவர்களை ஆள வந்த புதிய ஆட்சி, இயக்கத்தைத் தன் சாயலுக்கு மாற்றியது. ஹங்கேரியிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் 1948க்குப் பிறகு அதே கதை.

இதே கோடையில், ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 16 வரை, பிராக் நகரில் இன்னொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முதல் உலக இளைஞர் மாணவர் விழா. 71 நாடுகளிலிருந்து 17,000 பேர். இடதுசாரி இளைஞர் கூட்டமைப்பு நடத்தியது. இரண்டும் அமைதி என்ற சொல்லைத்தான் பேசின. ஒரே மாதத்தில் ஒரே கண்டத்தில் இரண்டு தனித்தனி அமைதிக் கூட்டங்கள். பனிப்போர் எப்போது தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு இதையும் ஒரு தேதியாகக் காட்டலாம்.

ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பிள்ளைகள்

இந்த முகாமில் நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம் உண்டு. இந்தியாவிலிருந்து போன பிள்ளைகள் ஒரே அணியாகக் கிளம்பினார்கள். அப்போது அது பிரிட்டிஷ் இந்தியா. முகாமின் நடுவிலேயே ஆகஸ்ட் 14, 15 தேதிகள் வந்தன. ஒரு நாடு இரண்டு நாடானது. முவாசோன் திடலில் இரண்டு புதிய கொடிகள் ஏறின. வெளிநாட்டு மண்ணில் தங்கள் கொடி ஏறிய ஆரம்பத் தருணங்களில் ஒன்றாகப் பாகிஸ்தானில் இதை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. பஞ்சாபிலோ வங்காளத்திலோ இருந்து போன ஒரு பையன், தன் கொடியேற்றத்துக்கு வணக்கம் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் தன் வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்று அறிந்திருப்பான். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் வெவ்வேறு நாட்டுக்காரர்களாகத் திரும்பினார்கள். அன்று இந்தியாவுக்குள்ளேயே சாரணர் சங்கங்கள் பலவாகப் பிரிந்துகிடந்தன. 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய இயக்கமும் அந்த வரலாற்றின் ஒரு கண்ணி. அவை பாரத சாரண சாரணியர் இயக்கம் என்ற ஒரே அமைப்பாக இணைந்தது 1950 நவம்பர் 7 அன்று.

முடிச்சும் அதன் பின்னும்

முவாசோன் ஜம்போரியின் சின்னத்தில் ஒரு முடிச்சு இருந்தது. மாலுமிகள் கேரிக் முடிச்சு என்பார்கள். மிகத் தடித்த இரண்டு வடங்களை இணைக்கப் போடுவது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மேலும் கீழுமாக நுழைந்து சமமாகப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பாரம் இழுத்தாலும் இறுகிக் கட்டியாகிவிடாது, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். சாரணர்களுக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்த ஜம்போரி 1951இல் ஆஸ்திரியாவின் பாட் இஷ்லில் நடந்தது. நான்கு வல்லரசுகளின் படைகள் இன்னும் அந்த நாட்டில் இருந்தன. சுமார் 13,000 பேர்தான் வந்தார்கள், செலவையும் ஆடம்பரத்தையும் வேண்டுமென்றே சுருக்கிக்கொண்டார்கள். முவாசோனில் இடமில்லாத ஜப்பான், 1971இல் ஃபூஜி மலையடிவாரத்தில் தானே ஜம்போரி நடத்தியது. அங்கேயும் புயல் வந்தது. ஏறக்குறைய 16,000 பேரைப் பக்கத்துக் கட்டிடங்களுக்கு மாற்றினார்கள். புயல் கடந்ததும் பிள்ளைகள் கூடாரத்துக்குத் திரும்பினார்கள், முகாம் தொடர்ந்தது. திரும்பி வருவதற்கு ஏற்ற தரை அங்கே இருந்தது.

2027 ஜம்போரி போலந்தின் க்தான்ஸ்க் நகரையொட்டிய சோபியெஷெவோ தீவில் நடக்கிறது. விஸ்துலா ஆறு பால்டிக் கடலைச் சேரும் இடம். மணல் தரை, பைன் காடு. மண்ணும் மரமும் ஏறக்குறைய முவாசோன் போலத்தான். ஆனால் சுற்றிலும் தண்ணீர் உள்ள தீவு அது. அந்த முகாம் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது, மேடை, இணைய வசதி பற்றிய அறிவிப்புகளைத் தாண்டி, இத்தனை ஆயிரம் பேரைத் தீவிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வெளியே கொண்டுவர முடியும் என்ற ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள்.